நடுக்கம் தீர்த்தவர்

மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

பெரியோர் சிலரை உலகம் சிலை வைத்துப் போற்றுகிறது. வேறு சிலர் செய்துகொடுத்த பொருளை நாள்தோறும் கையாண்டுகொண்டே அவர்களுடைய பெயரை மறந்துவிடுகிறது. மோட்டார் சைக்கிளோ காரோ ஓட்டும் நண்பர்கள் அதன் சக்கரத்தின் நடுவே பளபளக்கும் வட்டத் தகட்டைப் பார்த்திருப்பார்கள். டிஸ்க் பிரேக் என்று நாம் சொல்லும் அந்தத் தகட்டுக்கு 1902ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்ற ஆங்கிலப் பொறியாளர் ஒருவர் உண்டு. அவர்தாம் பிரடெரிக் வில்லியம் லான்செஸ்டர். பொறியியல் உலகில் புகழ்பெற்ற பெயர் அது. ஆயினும் ஓராண்டுக்கு முன்புவரை நான் அதைக் கேள்விப்பட்டதே இல்லை. அவரைத் தேடிப் போகும்படி என்னைச் செய்தது எங்கள் வீட்டுச் சரக்கு வண்டி. ஆகவே முதலில் வண்டியின் கதையைச் சொல்ல வேண்டியவனாக இருக்கிறேன்.

என் தந்தையார் கொல்லிமலையிலிருந்து வாழைத்தாரும் பலாவும் அன்னாசியும் ஏற்றிவந்து சமவெளிச் சந்தைகளில் இறக்குபவர். அதற்கென ஒரு பழைய பிக்கப் வண்டியைக் கடன் வாங்கி எடுத்தார். மலையிலிருந்து காரவள்ளிக்கு இறங்கும் பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன என்பதை நாமக்கல் வட்டார நண்பர்கள் அறிவார்கள். பாரத்தோடு அவ்வழியே இறங்குகிறவனுக்குக் கடவுளுக்கு அடுத்தபடி பிரேக்குதான் துணை. சென்ற ஆண்டு மழைக்காலம் முடிந்த சமயத்தில் அந்தப் பிரேக்கில் ஒரு நோய் கண்டது. சமவெளிச் சாலையில் வேகமாக வந்து பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் கையில் நிற்காமல் நடுங்கிற்று. மலைப் பாதையில் மெல்ல இறங்கும்போது பெடல் காலுக்கடியில் நாடி போலத் துடித்தது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் நடுக்கம் நின்றுவிடும்.

கல்லூரியில் இயற்பியல் படிக்கும் பிள்ளை வீட்டில் இருக்கும்போது வேறு யாரைக் கேட்பார்கள்? நான் அங்கும் இங்கும் விசாரித்து, டிஸ்க் சூட்டில் வளைந்துவிட்டது என்று ஒரே நாளில் தீர்ப்புச் சொன்னேன். அம்மா சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் முன்சக்கரங்களுக்கு இரண்டு புதிய டிஸ்க்குகளும் பேடுகளும் வாங்கினோம். பட்டறை ஒன்றில் மாட்டிக் கொடுத்தார்கள். நடுக்கம் நின்றது. வீட்டில் எனக்கு மதிப்பு உயர்ந்தது. இரண்டரை மாதம்கூட அந்த மதிப்பு நீடிக்கவில்லை. நடுக்கம் திரும்பி வந்தது.

தந்தையார் என்னை ஒரு சொல்லும் கடியவில்லை. ஆனால் விடுமுறை நாள்களில் தம்மோடு மலைக்கு அழைத்துச் செல்லும் என் தம்பியை, அந்த வாரம் முதல் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகத் தொடங்கினார். காரணம் கேட்டதற்கு அவனுக்குப் பரீட்சை வருகிறது என்றார். பரீட்சைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. எனக்கு அது விளங்கிற்று. அன்றிரவு நான் உறங்கவில்லை.

மறுநாள் வகுப்பில் அலைவுகளைப் பற்றிய பாடம். பாடம் முடிந்ததும் எங்கள் பேராசிரியரிடம் வண்டியின் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. வளைந்துவிட்டது என்று எதை வைத்து முடிவு செய்தேன், அளந்து பார்த்தேனா என்று கேட்டார். நான் தலை குனிந்தேன். இயந்திரங்களின் நடுக்கத்திற்குக் காரணம் தேடுவதையே தம் வாழ்நாள் வேலைகளில் ஒன்றாகக் கொண்டிருந்த ஒருவர் உண்டென்றும், அவரைப் பற்றிப் படித்துவிட்டு வரும்படியும் சொல்லி, லான்செஸ்டரின் பெயரை என் குறிப்பேட்டில் எழுதிக் கொடுத்தார். அப்படித் தேடிப் படித்ததன் சுருக்கமே இனி வருவது.

லான்செஸ்டர் 1868ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் லண்டன் மாநகரின் லூயிஷாம் பகுதியில் பிறந்தார். தந்தை ஒரு கட்டடக் கலைஞர். தாய் லத்தீன் மொழியும் கணிதமும் கற்பித்தவர். எட்டுக் குழந்தைகளில் இவர் நான்காமவர். இவருடைய தமையன் ஹென்றி வாகன் லான்செஸ்டரை நாமும் அறிந்திருக்க வேண்டும். ஜோத்பூரின் உமைத் பவன் அரண்மனையை வடிவமைத்தவர் அவரே. சென்னை நகர அமைப்பைப் பற்றி ஆராய்ந்து 1918இல் ஒரு நூல் வெளியிட்டவரும் அவரே. அண்ணன் நம் சென்னைத் தெருக்களைப் பற்றி எழுதினார். தம்பியின் எண்ணத்தில் உதித்த பிரேக் இன்று அதே தெருக்களில் ஓடுகிறது.

இளமையில் பிரடெரிக் சவுத்தாம்டன் நகரிலும், பின்னர் உதவித்தொகை பெற்று லண்டன் தென் கென்சிங்டனிலும் படித்தார். மாலை நேர வகுப்புகளில் பட்டறைத் தொழிலைக் கற்றார். ஆனால் பட்டம் எதையும் பெறாமலேயே படிப்பை முடித்துக்கொண்டார். பட்டத்தையே வாழ்வின் எல்லையாக எண்ணும் நம்மில் பலரும் இதனைச் சற்றே நின்று சிந்திக்கலாம். பின்னாளில் 1922ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது.

முதலில் காப்புரிமை தொடர்பான அலுவலகத்தில் வரைபடம் எழுதும் வேலை. வாரத்திற்கு 3 பவுன் சம்பளம். அதை விட்டுவிட்டு, 1889ஆம் ஆண்டு பர்மிங்காம் நகரில் வாயு எஞ்சின் செய்யும் ஒரு தொழிற்சாலையில் உதவி மேலாளராக வாரம் 1 பவுன் சம்பளத்தில் சேர்ந்தார். வருமானம் மூன்றில் ஒன்றாகக் குறைந்தது. உட்கார்ந்து வரைவதைவிட இயந்திரத்தின் பக்கத்தில் நிற்பதே அவருக்கு வேண்டியிருந்தது. இதிலே ஒரு நிகழ்ச்சி சுவையானது. அவர் புனையும் புதுமைகளெல்லாம் தொழிற்சாலைக்கே உரியவை என்றொரு விதி ஒப்பந்தத்தில் இருந்தது. இருபது வயதைச் சற்றே கடந்த அந்த இளைஞர், கையொப்பமிடும் முன்பு அவ்விதியை அடித்துவிட்டார். வாரம் ஒரு பவுனுக்கு வேலைக்குப் போகிறவர் தம் மூளையை மட்டும் விற்க மறுத்துவிட்டார்!

சில ஆண்டுகளில் அந்த வேலையைத் தம்பி ஜார்ஜிடம் ஒப்படைத்துவிட்டுத் தாமே ஒரு மோட்டார் காரைப் படைக்க முற்பட்டார். அக்காலத்துக் கார் என்பது குதிரையை அவிழ்த்துவிட்டு எஞ்சினைப் பூட்டிய வண்டியே ஆகும். லான்செஸ்டரோ காரை முதலிலிருந்தே காராகச் சிந்தித்தார். 1896ஆம் ஆண்டு தொடக்கத்தில் அவருடைய முதல் கார் சாலையில் ஓடிற்று. ஒரே சிலிண்டர், ஐந்து குதிரைத் திறன். ஓடிற்றே தவிர, அது அவருக்கு நிறைவளிக்கவில்லை. காரணம், எஞ்சினின் நடுக்கம்.

மற்றவர்களாயிருந்தால் எஞ்சின் என்றால் நடுங்கத்தானே செய்யும் என்று விட்டிருப்பார்கள். அவர் விடவில்லை. உலோகத் துண்டு ஒன்று முன்னும் பின்னும் பாயும்போது வண்டியையும் எதிர்த்திசையில் தள்ளுகிறது என்பது நியூட்டன் காட்டிய விதி. அப்படியானால் அந்தத் தள்ளுதலுக்குச் சமமாக எதிர்ப்பக்கத்திலும் ஒரு தள்ளுதலை உண்டாக்கிவிட்டால் நடுக்கம் எங்கிருந்து வரும்? 1897இல் அவர் அமைத்த இரண்டாவது எஞ்சினில் இரண்டு சிலிண்டர்கள் எதிரெதிராகப் படுத்திருந்தன. இரண்டு சுழல் தண்டுகள் ஒன்றுக்கொன்று மாறான திசையில் சுழன்றன. ஒன்றின் ஆட்டத்தை மற்றொன்று விழுங்கிற்று. அக்காலத்துக் கார்களிடையே அதைப் போல அமைதியாக ஓடியவை அரிது. அந்தக் கார் 1899இல் ரிச்மண்டில் நடந்த காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றது.

அவ்வாண்டு டிசம்பர் மாதம் பர்மிங்காமில் லான்செஸ்டர் எஞ்சின் கம்பெனி தொடங்கப்பட்டது. ஒரு வண்டிக்குச் செய்த உறுப்பு அதே வகையைச் சேர்ந்த எந்த வண்டிக்கும் அராவாமல் பொருந்த வேண்டும் என்று விதித்தார். அதற்கென அளவுக் கருவிகளைச் செய்து, ஒவ்வோர் உறுப்பையும் அளந்த பின்பே ஏற்றுக்கொண்டார். உறுப்பை அராவி அராவிப் பொருத்துவதே வழக்கமாயிருந்த காலம் அது. பம்பாயில் பிறந்த எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங் அவருடைய தொடக்ககாலக் கார்களில் ஒன்றை வைத்திருந்தார். கிரிக்கெட் வீரரும் நவநகர் மன்னருமான ரஞ்சித்சிங்ஜி லான்செஸ்டர் கார்களைப் பெரிதும் விரும்பி வாங்கியவர்.

இனி 1902ஆம் ஆண்டுக்கு வருவோம். அன்றைய வண்டிகளில் சக்கரத்தோடு சுழலும் உருளையை ஒரு பட்டையாலோ கட்டையாலோ அழுத்தி நிறுத்துவார்கள். லான்செஸ்டர் வேறு விதமாக எண்ணினார். சக்கரத்தோடு ஒரு மெல்லிய உலோகத் தகட்டை இணைத்து, அதன் இரு முகங்களையும் இரண்டு விரல்கள் பிடிப்பதைப் போல இருபுறத்திலிருந்தும் கவ்வினால் என்ன? தகடு காற்றில் திறந்து நிற்பதால் சூடு எளிதாக ஆறும். இருபுறமும் சமமாக அழுத்துவதால் ஒரு பக்கமாக இழுக்காது. எவ்வளவு எளிய எண்ணம்! ஆனால் அக்காலத்தில் தகட்டைக் கவ்வுவதற்கு ஏற்ற பொருள் அவரிடம் இல்லை. தாமிரத் துண்டுகளை வைத்தார். உலோகத்தோடு உலோகம் உரசியதால் காது கூசும் கீச்சொலி எழுந்தது. புழுதி நிறைந்த சாலைகளில் தாமிரம் விரைவாகத் தேய்ந்தது. எண்ணம் சரியாக இருந்தும் காலம் கூடவில்லை.

சில ஆண்டுகளுக்குள் ஹெர்பர்ட் பிரூட் என்பவர் ஆஸ்பெஸ்டாஸ் நாரால் ஆன பிரேக் பட்டைகளைச் செய்து ஒலியையும் தேய்மானத்தையும் குறைத்தார். அந்த நார் நுரையீரலுக்குப் பகை என்று தெரிந்து, பிற்காலத்தில் பல நாடுகள் அதைக் கைவிட்டன. இருந்தும் டிஸ்க் பிரேக் சாலைக்கு வர நெடுங்காலம் ஆயிற்று. 1953இல் பிரான்சின் லெ மான் நகரில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் கார் வென்றபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1955இல் வந்த சித்ரோவன் காரின் முன்சக்கரங்களில் அது இடம் பெற்றது. லான்செஸ்டர் காப்புரிமை பெற்று அப்போது ஐம்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. அவர் இறந்தும் ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவருடைய கம்பெனியின் கதையும் இன்பமானது அன்று. வாங்க ஆள்கள் இருந்தும் கைமுதல் பற்றாமையால் 1904இல் அது கடன்காரர்களின் பொறுப்புக்குப் போயிற்று. பிறகு புதிய பெயரோடு எழுந்தது. ஆயினும் இயக்குநர்களுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. 1909 முதல் அவர் டைம்லர் கம்பெனிக்கு ஆலோசகரானார். தம் குடும்பப் பெயர் தாங்கிய நிறுவனத்திலிருந்து படிப்படியாக விலகினார். 1931இல் அந்நிறுவனம் வேறொரு பெரிய குழுமத்தின் கைக்குப் போயிற்று.

இத்துணை இடர்களுக்கு நடுவிலும் நடுக்கத்தின் மீது அவருக்கு இருந்த பகை தணியவில்லை. நான்கு சிலிண்டர் எஞ்சினில் இரண்டு பிஸ்டன்கள் மேலே போகும்போது இரண்டு கீழே வருகின்றன. ஆகவே ஆட்டம் இருக்கக்கூடாது என்றுதான் தோன்றும். ஆனால் இணைப்புத் தண்டு சாய்ந்து சாய்ந்து வருவதால், பிஸ்டனின் ஓட்டம் மேற்பாதியிலும் கீழ்ப்பாதியிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. இந்தச் சிறு வேறுபாட்டால் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை எஞ்சின் உதறுகிறது. லான்செஸ்டர் அதற்கு மருந்து கண்டார். ஒருபக்கம் கனமான இரண்டு தண்டுகளை எஞ்சினைப் போல இருமடங்கு வேகத்தில், எதிரெதிர்த் திசைகளில் சுழலவிட்டார். உதறலுக்கு எதிர் உதறல், விளைவு அமைதி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் கண்ட இவ்வமைப்பை, எழுபதுகளில் ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனம் மீண்டும் எடுத்துப் பயன்படுத்திப் பெயர் பெற்றது. நீண்ட சுழல் தண்டு முறுக்கிக்கொண்டு அதிர்வதைத் தணிக்கும் கருவியும் அவருடையதே. இன்றும் பாட நூல்களில் அவர் பெயரால் வழங்குகிறது.

பறவைகள் பறப்பதைப் பார்த்துப் பார்த்து, விமானம் என்ற ஒன்று எழும் முன்பே இறக்கையைச் சுற்றிக் காற்று எப்படிச் சுழல்கிறது என்று ஆராய்ந்தவரும் இவரே. 1897இல் அனுப்பிய கட்டுரையை அறிஞர் கழகம் ஒன்று ஏற்கவில்லை. அவர் சோர்ந்துவிடவில்லை. 1907, 1908ஆம் ஆண்டுகளில் இரண்டு பெரிய நூல்களாகவே வெளியிட்டார். ஜெர்மானிய அறிஞர் பிராண்டலின் பெயரோடு இவர் பெயரும் இணைத்தே இறக்கைக் கோட்பாடு பேசப்படுகிறது. 1926இல் ராயல் ஏரோநாட்டிகல் சொசைட்டி அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது. முதல் உலகப் போர்க் காலத்தில், படைகளின் வலிமை எண்ணிக்கையின் வர்க்கத்தைப் பொறுத்து அமையும் என்று கணிதத்தால் காட்டினார். பொழுது போகாதபோது வேறொரு பெயரில் கவிதையும் எழுதினார்!

1919இல் டொரோதியா கூப்பர் என்னும் பாதிரியார் மகளை மணந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பது. பிள்ளைகள் இல்லை. தாமே ஓர் ஆய்வுக்கூடம் வைத்து நடத்திப் பார்த்தார், அதுவும் நிலைக்கவில்லை.

இவ்விடத்தில்தான் நூலை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். 1934ஆம் ஆண்டு அவருக்கு பார்க்கின்சன் நோய் என்று கண்டறிந்தார்கள். அது கைகால்களை நடுங்கச் செய்யும் நோய். இரண்டு கண்களிலும் புரை வேறு. வாழ்நாள் முழுவதும் இயந்திரங்களின் நடுக்கத்தைத் தீர்த்தவருடைய கைகளே நடுங்கத் தொடங்கின. அதற்கு எதிராகச் சுழலவிட அவரிடம் தண்டு இல்லை. வருவாயும் இல்லை. சொந்த வீட்டில் தொடர்ந்து குடியிருப்பதற்கே பிறருடைய உதவி தேவைப்பட்டது. 1946ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள் பர்மிங்காமில் அவ்வீட்டிலேயே காலமானார். இன்று கோவெண்ட்ரிப் பல்கலைக்கழகத்தின் நூலகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

படித்து முடித்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. நான் வண்டிக்குப் புதிய டிஸ்க் வாங்கினேனே தவிர, நடுக்கத்தின் காரணத்தைத் தேடவே இல்லை. அந்தச் சனிக்கிழமையே தந்தையாரோடு சேந்தமங்கலம் சாலையில் உள்ள ஒரு சிறு பட்டறைக்குப் போனேன். அங்கே வயது முதிர்ந்த மேஸ்திரி ஒருவர் இருந்தார். அவர் ஸ்பேனரை எடுக்கும் முன்பு கேள்விகளை எடுத்தார்.

பிரேக் போடாமல் ஓட்டும்போது ஆடுகிறதா? இல்லை. அப்படியானால் டயரிலும் சக்கரத்தின் எடைச் சமநிலையிலும் குற்றம் இல்லை. ஆள் நடமாட்டமற்ற சமமான சாலையில் மெல்ல ஓட்டி, கைப் பிரேக்கை மட்டும் பதமாக இழுக்கச் சொன்னார். ஆட்டம் இல்லை. கைப் பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிப்பதால் பின்புற டிரம்கள் தப்பின. ஸ்டியரிங்கில் நடுக்கம் வருவதும் முன்சக்கரத்தையே காட்டியது. ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்தார். பெயரிங்கில் தளர்ச்சி இல்லை. பக்கவாட்டில் அசைத்தார். ஸ்டியரிங் மூட்டுகளும் உறுதியாக இருந்தன. காலிப்பர் தன் ஊசிகளில் தங்குதடையின்றி நகர்ந்தது. எஞ்சியது டிஸ்க் ஒன்றே.

அப்போதும் அவர் வளைந்துவிட்டது என்று சொல்லவில்லை. அளவு மானியை எடுத்தார். டிஸ்க்கின் முகத்தில் டயல் கேஜின் முள்ளைத் தொடவிட்டு மெல்லச் சுற்றினார். இடப்பக்கத்து டிஸ்க் ஒரு சுற்றில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் பதினைந்து பங்கு உள்ளும் வெளியுமாகச் சென்று வந்தது. பிறகு மைக்ரோமீட்டரால் வட்டத்தைச் சுற்றி எட்டு இடங்களில் தடிமனை அளந்தார். இடத்துக்கு இடம் நூறில் மூன்று பங்கு வேறுபாடு. தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லை! இதுவா வண்டியை ஆட்டுகிறது என்று நான் வியந்தேன்.

ஆம், இதுவேதான். டிஸ்க் நேராகச் சுழலாமல் சற்றே கோணிச் சுழன்றால், பிரேக் போடாத நேரத்திலும் அதன் ஒரே இடம் சுற்றுக்கு ஒரு முறை பேடை உரசிச் செல்லும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய பின் அந்த இடம் மட்டும் தேய்ந்து மெலிந்துவிடும். பிறகு பிரேக்கை மிதிக்கும்போது தடித்த இடத்தில் பிடி இறுகும். மெலிந்த இடத்தில் தளரும். சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2 மீட்டர் என்று கொண்டால், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வினாடிக்கு எட்டு முறை இந்த இறுக்கமும் தளர்ச்சியும் மாறி மாறி நிகழும். அந்த எண்ணிக்கை வண்டியின் முன்பாகத்துக்கு இயல்பாக உள்ள அதிர்வெண்ணை நெருங்கும்போது ஆட்டம் பெருகுகிறது. இதைத்தானே ஒத்ததிர்வு என்று எழுதி நான் மதிப்பெண் வாங்கினேன்! இரண்டரை மாதம் கழித்து நடுக்கம் திரும்பியதன் மர்மமும் விளங்கிற்று. மாட்டிய அன்று டிஸ்க்கின் தடிமன் சீராகவே இருந்தது. கோணலாக உட்கார்ந்ததால் நாளடைவில் தேய்ந்தது.

ஏன் கோணலாக உட்கார்ந்தது? மேஸ்திரி டிஸ்க்கைக் கழற்றி, அது அமரும் ஹப்பின் முகத்தைக் காட்டினார். பழைய துரு பொருக்குப் பொருக்காக ஒட்டியிருந்தது. அந்தத் துருவைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிய டிஸ்க்கை மாட்டியிருக்கிறார்கள். போதாக்குறைக்கு, பஞ்சர் ஒட்டிய இடத்தில் வீல் நட்டுகளை நீண்ட குழாய் போட்டு ஒன்றை அளவுக்கு மீறியும் மற்றொன்றைக் குறைவாகவும் முடுக்கியிருந்தார்கள். அம்மாவின் சீட்டுப் பணம் துருவின் மேல் உட்கார்ந்திருந்தது.

கம்பி பிரஷாலும் உப்புத்தாளாலும் ஹப்பின் முகம் பளிச்சிடும்வரை தேய்த்தோம். அந்த வேலையை மேஸ்திரி என்னிடமே கொடுத்தார். டிஸ்க்கில் பொறித்திருந்த குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே போகாது என்று உறுதி செய்துகொண்டு, இரண்டு டிஸ்க்குகளையும் லேத்தில் கொடுத்து இருமுகமும் சீராக்கினார். புதியவை வாங்கவில்லை. திரும்ப மாட்டி அளந்தபோது ஆட்டம் நூறில் நான்கு பங்காகக் குறைந்திருந்தது. வீல் நட்டுகளை எதிரெதிராக, டார்க் ரெஞ்சு வைத்து ஒரே அளவில் முடுக்கினார். பேடுகள் புதிய முகத்தோடு இணங்கும்வரை சில முறை மிதமான வேகத்திலிருந்து பதமாகப் பிரேக் போட்டு வேகத்தைக் குறைக்கும்படியும், சூடேறிய நிலையில் பிரேக்கை அழுத்தியபடியே நிறுத்தி வைக்க வேண்டாமென்றும் தந்தையாரிடம் சொன்னார். கூலி, நான் வாங்கிய டிஸ்க்குகளின் விலையில் சிறு பகுதியே.

இது நடந்து ஏழு மாதங்கள் ஆகின்றன. நடுக்கம் திரும்பவில்லை.

லான்செஸ்டருக்கும் அந்த மேஸ்திரிக்கும் நடுவே ஒரு நூற்றாண்டும் ஏழு கடலும் இருக்கின்றன. அவர் பெயர் இவருக்குத் தெரியாது. ஆயினும் இருவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. நடுங்குகிறது என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. அதை ஊகிக்காதே, அளந்து பார் என்பதே அப்பள்ளியின் பாடம். இருவருமே தம் திறமைக்கு ஏற்ற பொருளை ஈட்டியவர்கள் அல்லர். ஒருவரைப் பற்றி நூலகத்தில் நூல்களேனும் இருக்கின்றன. மற்றவருக்கு அதுவும் இல்லை. ஆகையால் இரண்டு பேரையும் நினைந்து நம் கல்லூரி மலரில் இச்சில பக்கங்களை எழுதத் துணிந்தேன்.

நண்பர்களே, செய்முறைக் கூடத்தில் மைக்ரோமீட்டரை எடுத்து, ஏற்கெனவே தெரிந்த விடைக்கு ஏற்ப அளவுகளை எழுதி வைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. நானும் அப்படி எழுதியவன்தான். நூறில் மூன்று பங்கு என்பது குறிப்பேட்டில் ஓர் எண். கொல்லிமலை வளைவில் அது ஒரு குடும்பம். இனி அந்தக் கருவியைத் தொடும்போது நான் அதை மறக்க மாட்டேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வண்டி புறப்படும் ஓசை கேட்டு எழுந்து வந்து பார்த்தேன். முன் இருக்கையில் தந்தையாருக்குப் பக்கத்தில் என் தம்பி உட்கார்ந்திருந்தான்.